கொரியாக் குடையும் என் மகள் கல்யாணப் பேப்பரும்

1

பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில், பையன் வீட்டு ஹாலில் அன்று மத்தியானம் இருந்தவர்கள்:

நான்.

எனக்கு மருமகனாக வர வேண்டிய ஜெரோம். ஏ.சி. மெக்கானிக். வேலைக்குப் போகாமல் சுவரில் சாய்ந்து நின்றான்.

அவன் அம்மா பிலோமினா.

அவன் தங்கை ஸ்டெல்லா. ரிமோட் அவள் கையில்.

பக்கத்து வீட்டு ராசாத்தி. யாரும் கூப்பிடவில்லை. சீரியல் சத்தம் கேட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

டிவியில் ஒரு கொரியாக்காரன், ஒரு கொரியாக்காரி, கொட்டுகிற மழை, ஒரு மஞ்சள் குடை.

என் மகள் செலின் அங்கே இல்லை. அவள் பிரான்சில், ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாள். அந்த மஞ்சள் குடையால் அவள் கல்யாணம் நின்று கிடந்தது. அதற்காகத்தான் நான் லீவு போட்டு, விமானம் ஏறி வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அந்தக் கண்றாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பாண்டியில், சாரம் பகுதியில் ஐந்தாவது வரை படித்தேன். பிறகு மில்லில் வேலை. மில்லை மூடினார்கள். என் மனைவி லூர்துவின் அப்பாவுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அதனால் அவளுக்கும் இருந்தது. அவளைக் கட்டினேன். எனக்கும் வந்தது.

அப்போது எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன் அவளைக் கோயில் வாசலில் ஒரு தடவை பார்த்தேன். அவள் அத்தை முன்னால் நின்றதால் பாதி முகம்தான் தெரிந்தது. போதும் என்று இருந்தது.

இப்போது பாரீசுக்கு வெளியே இருக்கிறோம். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் பாத்திரம் கழுவுகிறேன். பிள்ளைகள் மிச்சம் வைப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். அதைப் பற்றி வேறொரு சமயம்.

ஊரில் பிரான்ஸ் சம்பந்தம் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். நான் பட்டதைச் சொன்னால் உங்களுக்கு உதவும். அதற்காக எழுதுகிறேன். இன்னொன்று, இந்தக் கொரியா சீரியல்களைப் பற்றி யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எல்லாரும் ஆகா என்கிறார்கள். எனக்குக் குமட்டுகிறது.

3

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண் பாண்டிக்கு வந்து இந்தியப் பையனைக் கட்டுவதென்றால், முதலில் ஒரு சான்று வாங்க வேண்டும். இந்த இரண்டு பேர் கல்யாணத்துக்குத் தடை இல்லை என்கிற சான்று. அதைக் கொடுப்பதற்கு முன் பையனைப் பாண்டியில் பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்தில் கூப்பிட்டுக் கேட்பார்கள். பெண்ணைப் பிரான்சில் மெரியில் கேட்பார்கள். மெரி என்றால் நகராட்சி. பிறகு இரண்டு பேர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பையன் பேப்பருக்காகக் கட்டுகிறானா, பெண்ணைப் பெற்றவர்கள் மிரட்டிக் கட்டிவைக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள.

கேட்கிற கேள்விகளும் கேவலம்தான். அவளுக்கு என்ன வாசனை சோப்பு பிடிக்கும். அவன் குறட்டை விடுவானா. கல்யாணத்துக்கு முன்னால் இதெல்லாம் தெரிந்தால் எங்கள் ஊரில் அந்தக் கல்யாணமே நின்றுவிடும். தெரியாவிட்டால் அவர்கள் நிறுத்துகிறார்கள்.

செலினும் ஜெரோமும் பயந்தார்கள். இரண்டு வீட்டிலும் பேசி முடித்த சம்பந்தம் இது. அதைச் சொன்னால் எடுபடாது என்று செலின் நினைத்தாள்.

பிறகு என்னிடம் சொன்னாள். "வீட்டுல பாத்தாங்கன்னு சொன்னா அவங்களுக்குப் புரியாது பப்பா. கட்டாயக் கல்யாணம்னு எழுதுவாங்க. அவங்களுக்கு மொதல்ல காதல் இருக்கணும். அப்புறம்தான் கல்யாணம்."

எங்களிடம் சொல்லாமல் இரண்டு பேரும் போனிலேயே ஒரு காதல் கதை தயார் செய்தார்கள். கதையை எடுத்துக் கொடுத்தவள் ஸ்டெல்லா. அவளாக யோசித்திருந்தாலும் பரவாயில்லை. சீரியலில் இருந்து எடுத்தாள். செலினும் அதே சீரியலை அங்கே பார்த்திருந்தாள். மனப்பாடம் செய்ய வசதி.

கதை இதுதான். மழை. பெண் பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நிற்கிறாள். முன்பின் தெரியாத பையன் மஞ்சள் குடையை நீட்டுகிறான். பஸ் வருகிறது. அவள் குடையோடு ஏறிப் போய்விடுகிறாள். அவன் ஊரெல்லாம் தேடுகிறான். குடை கிடைக்கிறது. அவளும் கிடைக்கிறாள்.

மெரியில் செலின் இதைச் சொன்னாள். அதை எழுதிக்கொண்ட அம்மாளுக்குக் கண் கலங்கியதாம்.

பாண்டி அலுவலகத்தில் கேட்டவர் ஒரு வெள்ளைக்காரர். மொழிபெயர்க்க நம்மூர் அம்மாள் ஒருத்தர், குருசுக்குப்பத்துக்காரர். ஜெரோம் சொல்லி முடிக்கிற வரை அந்த அம்மாள் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே வந்தார். முடிந்ததும் அவராகவே கேட்டார்.

"இது எந்த மாசம் தம்பி?"

செலின் பாண்டிக்கு வந்து போன தேதி பாஸ்போர்ட்டில் முத்திரையாக இருக்கிறது. மாற்ற முடியாது.

"மார்ச் மேடம்."

"மார்ச் மாசம் பாண்டியில மழையா?"

"லேசா மேடம்."

"லேசான மழைக்கா ரோட்டுல முட்டிக்கால் தண்ணின்னு சொன்ன?"

அந்த அம்மாள் விடவில்லை.

"கொடை இன்னா கலரு சொன்ன?"

"மஞ்சள் மேடம்."

"நானும் அந்த சீரியல் பாத்தேன் தம்பி" என்றார் அந்த அம்மாள். பிறகு வெள்ளைக்காரர் பக்கம் திரும்பி அதைப் பிரெஞ்சில் சொன்னார். அது அவர் வேலை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கடிதம் வந்தது. இரண்டு பேரையும் மறுபடி கேட்போம், அப்போதும் சந்தேகம் இருந்தால் அரசு வக்கீலுக்கு அனுப்புவோம் என்று. அங்கே போனால் வருஷக்கணக்கில் கிடக்கும். இந்தக் கல்யாணமே கூடாது என்றும் அந்த வக்கீல் எழுதிவிடலாம்.

செலின் அழுகிற பிள்ளை இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அதை மடித்த இடத்திலேயே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட்டேன்.

4

என்ன பொய் சொன்னார்கள் என்று தெரியாமல் பேச முடியாது. அதனால் அந்தச் சீரியலைப் போடச் சொன்னேன். முழுசாகப் பார்த்தேன். மத்தியானம் மத்தியானம். என் கருத்துகள் கீழே.

அந்தக் கொரியாக்காரன் பெரிய கம்பெனி முதலாளியின் மகன். அவன் வேலை செய்து நான் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறான். ஃபைலை வைத்துக்கொண்டு இரண்டு பேர் அவன் முதுகைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் அலுவலகம்.

அவனுக்குக் கோபம் வந்தால் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். விடு என்கிறாள். விடவில்லை. பின்னால் பியானோ வாசிக்கிறார்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அது போலீஸ் கேஸ். ஸ்டெல்லாவிடம் ரிமோட்டை வாங்கி நிறுத்தியே பார்த்தேன்.

பிலோமினா ரசித்துக்கொண்டிருந்தார். "அவனோட புடிவாதந்தான் அழகுண்ணே" என்றார்.

"ஸ்டெல்லாவ எவனாவது பஸ் ஸ்டாண்டுல இப்படி இழுத்தா?"

"செருப்பு பிஞ்சிடும்."

"அப்புறம்?"

"இது கொரியாண்ணே."

எதைக் கேட்டாலும் இதுதான் பதில். கொரியாக்காரனுக்குக் கை இல்லையா, கொரியாக்காரிக்கு வலிக்காதா என்று கேட்டால், இது கொரியா.

அந்தப் பெண் ரொட்டிக் கடையில் வேலை செய்கிறவள். விடிந்ததில் இருந்து நின்றபடி வேலை. அவனைக் கண்டால் மட்டும் கால் தடுக்கி விழுகிறாள். விழுந்தால் அவன் மேலேயே விழுகிறாள். அந்த ஒரு விழுதலை நான்கு பக்கத்தில் இருந்து காட்டுகிறார்கள். நானும் நின்றபடி வேலை செய்கிறவன். ஈரத் தரையில், கை நிறையத் தட்டோடு. நாங்கள் விழமாட்டோம். விழுந்தால் தட்டு உடையும்.

பிறகு ஒரு லாரி வந்து அவனை இடிக்கிறது. அவனுக்கு மறதி வருகிறது. அப்பா பெயர் ஞாபகம் இருக்கிறது. கம்பெனி ஞாபகம் இருக்கிறது. அவளை மட்டும் மறந்துவிட்டான். இதற்கு ஹாலில் இருந்தவர்கள் இரண்டு நாள் அழுதார்கள். எனக்கு அந்த லாரி டிரைவர் கதி என்ன ஆனது என்றுதான் இருந்தது. அவனைப் பிறகு காட்டவே இல்லை.

அந்தக் கொரியாக்காரனின் அம்மா இருக்கிறாளே, அவள் அந்தப் பெண்ணை ஓட்டலுக்குக் கூப்பிட்டு முகத்தில் தண்ணீரை ஊற்றுகிறாள்.

"நம்மூரு மாமியாரே தேவல" என்றாள் வாசல்படியில் இருந்த ராசாத்தி. "வாயாலயே முடிச்சிடுவா. தண்ணிய வீணாக்க மாட்டா."

எனக்குப் பிடித்தவன் ஒருத்தன் இருந்தான். டாக்டர். அந்தப் பெண்ணின் மேல்வீட்டுக்காரன். அவள் வீட்டு பல்பை மாற்றிக் கொடுத்தான். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனான். தொடவில்லை, இழுக்கவில்லை, கத்தவில்லை. அவனிடம் போய், நீங்கள் எனக்கு அண்ணன் மாதிரி என்றாள்.

"இவன ஏன் வேணாங்கறா?" என்று கேட்டேன்.

"அவன் செகண்ட் ஹீரோ மாமா" என்றாள் ஸ்டெல்லா. "அவனுக்குக் கெடைக்காது."

"அவன்தான கஞ்சி கொண்டாந்தான்?"

"கஞ்சி குடுத்தா காதல் வராது மாமா."

"கைய முறுக்குனா வருமா?"

"ஹீரோ முறுக்குனா வரும்."

இதைச் சொன்ன பெண் பி.காம். படித்தவள். அண்ணனுக்கு இன்டர்வியூவுக்குக் கதை எடுத்துக் கொடுத்தவள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஒன்று மட்டும் நல்லது சொல்கிறேன். அவர்கள் வாய் நிறையச் சாப்பிடுகிறார்கள். நம் படங்களில் கதாநாயகி ஒரு பருக்கையைப் பிட்டு வைப்பாள். இவள் கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கிறாள். அது சரி.

5

எங்கள் வீட்டில், பிரான்சில், இது நீண்ட காலமாக நடக்கிறது. நான் வேலை முடிந்து வந்து கால் அலம்புகிற நேரத்தில் லூர்து போனில் சீரியல் வைத்திருப்பாள். தமிழில் பேச வைத்த சீரியல். கொரியாக்காரி "அடப்பாவி" என்பாள். செலின் சோபாவின் அந்த ஓரத்தில் கம்ப்யூட்டரில் பார்ப்பாள். அதில் கொரிய மொழியில் பேசுவார்கள், கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடும். ஒரே கதையாகக்கூட இருக்கும். அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. ஒரே பெண் ஒரே அறையில் இரண்டு மொழியில் அழுதுகொண்டிருப்பாள். நடுவில் நான் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவுவேன்.

சேர்ந்து பார்த்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"அவளுக்குத் தமிழ்ல வச்சா சிரிப்பு வருதாம்" என்றாள் லூர்து. "எனக்குப் படிக்க நேரம் பத்தல."

சீன சீரியலும் பார்ப்பார்கள். அதில் ஒருத்தன் ஆயிரம் வருஷம் ஒருத்திக்காகக் காத்திருக்கிறான். தலைமுடி இடுப்பு வரை. ஆயிரம் வருஷத்தில் ஒரு நாளாவது வேலைக்குப் போனானா தெரியாது. துருக்கிக்காரர்கள் முறைத்துப் பார்க்கிறார்கள். ஒருத்தன் முறைத்தால் அந்த வாரம் முழுக்க முறைக்கிறான். ஜப்பான்காரர்களில் பையனும் பெண்ணும் கடைசி வரை ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. அது ஒன்றுதான் எனக்குப் புரிகிறது.

செலின் அங்கேயே பிறந்தவள். எங்களோடு தமிழ் பேசுவாள். கடைக்காரரிடம் பேசுகிற மாதிரி: வேண்டும், வேண்டாம், எவ்வளவு, எப்போது. தமிழில் சிரிக்க மாட்டாள். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் லூர்து அதைப் பிரெஞ்சில் விளக்குவாள். விளக்கிய பிறகு யாருக்குச் சிரிப்பு வரும். வேலையில் அவளை மதாம் என்று கூப்பிடும் கிழவர்களோடு அவள் சிரித்துப் பேசியதை ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். என் மகள் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

இந்தப் பிள்ளைக்கு நெல்லித்தோப்புப் பையனைப் பார்த்தது லூர்துவின் யோசனை. அங்கேயே ஒருத்தனைப் பிடித்துக்கொள்வாள் என்று நான் விட்டிருந்தேன். செலின்தான் சரி, பார்க்கலாம் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாளோ என்று இருந்தது.

ஜெரோமோடு சம்பந்தம் பேசி முடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அறையில் இருந்து சத்தம் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள். தமிழில். சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் குழாயை மூடிவிட்டு நின்றேன்.

6

உண்மையில் நடந்தது என்ன என்று சொல்கிறேன். அதில் மழை இல்லை.

ஜெரோமுக்கு முன்னால் வேறு பையன்களையும் பார்த்தோம். எல்லாப் பையனிடமும் செலின் ஒரு கேள்வி கேட்டாள். நேராகவே கேட்பாள், அவளுக்குச் சுற்றிப் பேசத் தமிழ் கிடையாது. "என்னையா, பாஸ்போர்ட்டையா?"

ஒருத்தன், சீச்சீ, பாஸ்போர்ட்டா, அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை என்றான். அவன் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவன். இன்னொருத்தன் உங்கள் கண்தான் எனக்கு விசா என்றான். இதை அவள் எங்களிடம் சொன்னபோது லூர்துவுக்கு வெட்கம் வந்தது. எனக்கு வாந்தி வந்தது. அவனும் சீரியல் பார்க்கிறவனாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு சாரத்தில் லூர்துவின் சித்தி மகள் வீட்டில் ஜெரோமைப் பார்த்தோம். காப்பி குடித்த பிறகு இரண்டு பேரையும் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே கேள்வி.

ஜெரோம் கொஞ்ச நேரம் யோசித்தானாம்.

"ரெண்டும்" என்றானாம்.

செலின் கீழே வந்து அம்மாவிடம், "இவன்" என்றாள்.

"ஏண்டி?"

"இவன் பொய் சொல்லல."

அடுத்த வாரம் நெல்லித்தோப்பில் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்டோம். இரண்டு இடத்திலும் நான் இருந்தேன். பிறகு அவள் பிரான்சுக்கு வந்துவிட்டாள். போனில் பேசிக்கொண்டார்கள்.

பொய் சொல்லவில்லை என்பதற்காக ஒருத்தனைப் பிடித்தாள். பிறகு அவனையும் சேர்த்துக்கொண்டு, சர்க்காரிடம் போய் மஞ்சள் குடைப் பொய் சொன்னாள். எனக்குக் கொரியாக்காரன் மேல் இருந்த வெறுப்பைவிட இதில்தான் அதிக வெறுப்பு. கையில் சொந்தக் கதை இருக்கிறது. அது போதவில்லை. அது அழகாக இல்லை. பியானோ வாசிக்கவில்லை.

7

சீரியல் முடிந்த அன்று டிவியை அணைக்கச் சொன்னேன். இரண்டாவது இன்டர்வியூவுக்கு நாள் கொடுத்திருந்தார்கள்.

"இப்ப இன்னா சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

ஸ்டெல்லாவிடம் பதில் தயாராக இருந்தது. "மழைய மட்டும் எடுத்துடலாம் மாமா. வெயிலுக்குக் கொடை புடிச்சான்னு சொல்லிக்கலாம். மார்ச்சுல வெயில் இருக்குதுல்ல."

"முட்டிக்கால் தண்ணி?"

"பைப்பு ஒடஞ்சிடுச்சி."

வாசல்படியில் ராசாத்தி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நடந்தத சொல்லுங்க" என்றேன். "வீட்டுல பாத்தாங்க, புடிச்சிருந்தது. அந்தப் பாஸ்போர்ட் பேச்சு உட்பட."

பிலோமினா அழ ஆரம்பித்தார். "ரெண்டும்னு சொன்னா பாஸ்போர்ட்டுதான்னு எழுதிக்குவாங்கண்ணே. அவ்ளோதான். என் புள்ள வாழ்க்கை போச்சு."

"என் பொண்ணு வாழ்க்கையும்தாம்மா."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அந்த வார்த்தையை எந்தப் பக்கம் பார்த்தாலும் பாஸ்போர்ட் அதில் இருக்கிறது. உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்ளலாம். பொய் சொல்லியும் மாட்டிக்கொள்ளலாம். இரண்டாவது ஏற்கெனவே நடந்துவிட்டது.

ஜெரோம் சுவரை விட்டு முன்னால் வந்தான். "சொல்றேன் மாமா" என்றான். "மொதல்லயே சொல்லியிருக்கணும். அவதான் பயந்தா. அவ பயந்தா எனக்கும் பயமாயிடுச்சி."

"இன்னொன்னு" என்றேன். "ரெண்டு பேரும் போன்ல பேசிக்குங்க. ஆனா இதப் பத்திப் பேசக் கூடாது. அவங்க இன்னா கேட்டாங்க, நீ இன்னா சொன்னன்னு ஒரு வார்த்த போகக் கூடாது. ஒத்திகை பாத்ததெல்லாம் போதும்."

"அவகிட்டயும் சொல்லிடுங்க மாமா."

அப்போதே போன் போட்டுச் சொன்னேன். செலின், "சரி பப்பா" என்றாள். போனை வைக்கவில்லை. "ஒத்துப் போகலன்னா?" என்றாள்.

"போகலன்னா போகல" என்றேன். தைரியத்தில் சொன்னதில்லை. வேறு சொல்லத் தெரியவில்லை.

8

அலுவலகத்துக்கு எதிரே மரத்தடியில் நின்றேன். உள்ளே விட மாட்டார்கள். வாசலில் இருந்த காவல்காரர் நிழலில் நிற்கச் சொன்னார். நிழலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜெரோம் வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். டீ வரும்வரை கேட்கவில்லை.

"அதே அம்மாவா?"

"அதே அம்மாதான். உள்ள போனதும் 'இன்னிக்கு வெயிலா, மழையா தம்பி'ன்னு கேட்டாங்க."

"நீ?"

"'மன்னிச்சிடுங்க மேடம், வெயிலு'ன்னேன்."

பிறகு எல்லாம் சொன்னதாகச் சொன்னான். சாரத்து வீடு, காப்பி, மொட்டைமாடி. "ரெண்டும்" என்று வந்தபோது அந்த அம்மாள் மொழிபெயர்க்காமல் நின்றாராம். அதை அப்படியே சொல்லவா என்று கேட்டாராம். அப்படியே சொல்லுங்கள் என்றானாம். வெள்ளைக்காரர் பேனாவை வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம்.

"சிரிச்சாரா?"

"தெரியல மாமா. தாடியத் தடவுனாரு."

"அப்புறம்?"

"கல்யாணம் முடிவானதுக்கு முன்னயும் பின்னயும் நேருக்கு நேர் எத்தன தடவ பாத்துக்கினீங்கன்னு கேட்டாரு. மூணு தடவன்னேன். அதோட போகச் சொல்லிட்டாரு."

என் கையில் டீ கிளாஸ் இருந்தது.

"ரெண்டுதான தம்பி? சாரத்துல ஒண்ணு. ஒங்க வீட்டுல சாப்பிட்டது ஒண்ணு."

"மூணு மாமா."

"எப்ப?"

அவன் ரோட்டைப் பார்த்தான். ஒரு ஸ்கூட்டர் போனது. அது போன பிறகும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மேலே கேட்கவில்லை. உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை என்றால் குறைச்சல் என்று நினைத்திருப்பான். ஒன்று சேர்த்துச் சொல்லியிருப்பான். எல்லா உண்மையையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு சின்னப் பொய். அதுதான் நம் ஆட்கள் புத்தி. கொசுறு போடாமல் ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். அங்கே செலின் இரண்டு என்பாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

பாக்கெட்டில் போன் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளும் மூன்று என்பாள். காரியம் முடிந்துவிடும். எடுத்தேன். அவள் படத்தை அழுத்தினால் மணி அடிக்கும்.

போட்ட சட்டம் என்னுடையது. திரும்ப வைத்துவிட்டேன். டீக்குக் காசு கொடுத்தேன். அவனோடு பேசாமல் நெல்லித்தோப்பு வரை நடந்தேன். அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. இதை மறைத்து எழுத மாட்டேன்.

9

நான் பிரான்சுக்குத் திரும்பிய பிறகு, மெரியில் செலினைக் கூப்பிட்டது ஒரு புதன்கிழமை. அங்கே பல பள்ளிக்கூடங்களுக்குப் புதன்கிழமை லீவு. எனக்கும் வேலை இல்லை. கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அவள் ஆஸ்பத்திரிச் செருப்போடு வந்திருந்தாள். இரவு வேலை முடித்து நேராக. ஒரு பெண் கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் வீட்டுப் பெயரை அவர்கள் சொன்னால் எனக்கே யாரோ மாதிரி இருக்கும். செலின் எழுந்து போனாள். நான் நடைபாதையில், சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

லூர்து போன் செய்தாள். "இன்னா ஆச்சு?"

"உள்ள இருக்கா."

"நீ ஏதாவது சொல்லி அனுப்புனியா?"

"இல்ல."

"இப்படியும் ஒரு அப்பன்" என்றாள். வைத்துவிட்டாள்.

எதிரே ஒரு ஆப்பிரிக்கக் குடும்பம் குழந்தையின் பிறப்புச் சான்றுக்குக் காத்திருந்தது. குழந்தை என் சப்பாத்து நாடாவைப் பிடித்து இழுத்தது. விட்டுவிட்டேன். அதுபாட்டுக்கு இழுக்கட்டும்.

அவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த விஷயத்தில் அவள் என் மகள். கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நானும் இறங்கினேன். கீழே வாசலுக்கு வெளியே வந்த பிறகுதான் கேட்டேன்.

"எல்லாம் சொன்னியா?"

"சொன்னேன் பப்பா."

"மொதல்ல சொன்னது பொய்யின்னு?"

"ம். கோபப்பட்டாங்க. அப்புறம் எழுதினாங்க."

"அந்த மொட்டைமாடிப் பேச்சு?"

"அதயும். 'ரெண்டும்' சொன்னதுக்கா புடிச்சுதுன்னு கேட்டாங்க. ஆமான்னேன். திரும்பக் கேட்டாங்க. திரும்ப ஆமான்னேன்."

கொஞ்ச தூரம் நடந்தோம். ரொட்டிக் கடை, மருந்துக் கடை, வங்கி. கேட்காமலே வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. பாண்டியில் அவன் சொன்னது அங்கே எழுதியாகிவிட்டது. இங்கே இவள் சொன்னதும் எழுதியாகிவிட்டது. நான் கேட்பதால் எதுவும் மாறாது.

"நேருல எத்தன தடவ பாத்தீங்கன்னு கேட்டாங்களா?"

அவள் நடையை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. கோட்டுப் பட்டன் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். அன்று அவ்வளவு குளிர் இல்லை.

"கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

"மூணு."